கிண்டிப் பாலத்து அரைகுறைகள்

ஜனவரி 6

புது நோட்டு. இதில் வேலையைப் பற்றி மட்டும் எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன். வீடு, உடம்பு, உறவுக்காரர்கள் எதுவும் இதற்குள் வரக் கூடாது.

வேலை இதுதான். காலை நெரிசலில் கிண்டி ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தில் ஓரமாக நிற்பேன். எதிரே வருகிற கூட்டத்தில் ஒருவரைத் தேர்ந்து வரையத் தொடங்குவேன். அவர் என்னைக் கடந்து போனதும் பென்சிலைத் தாளிலிருந்து எடுத்துவிட வேண்டும். பிறகு நினைவிலிருந்து ஒரு கோடுகூடச் சேர்க்கக் கூடாது. எத்தனை பேரை வரைந்தாலும் ஒருவரும் முழுதாகக் கிடைக்க மாட்டார்கள். கிடைக்காமல் போவதைத்தான் காட்ட வேண்டும் என்று ஃபர்ஹானாவிடம் சொன்னேன். ஃபர்ஹானா ஓவியக் கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் இளையவள். இப்போது ஆழ்வார்பேட்டையில் கேலரி நடத்துகிறாள். ஏப்ரலில் எனக்கு ஒரு கண்காட்சி தருவதாகச் சொல்லியிருக்கிறாள். தலைப்பும் அவளே வைத்தாள்: அரைகுறை.

இன்று கிடைத்தவை: ஒரு மூக்குக்கண்ணாடி, பை மாட்டிய ஒரு தோள், யாரோ ஒருவரின் பாதிக் காது.

ஜனவரி 9

பாலத்துக்குப் போகவில்லை. பாடநூல் வேலை நெருக்குகிறது. ஒன்றாம் வகுப்பில் ‘என் குடும்பம்’ பாடத்துக்கு ஒரு பக்கம் முழுக்கப் படம். அப்பா, அம்மா, அண்ணன், தங்கை, ஒரு நாய்க்குட்டி. அனுப்பி அரை மணி நேரத்தில் பதிப்பாசிரியர் கூப்பிட்டார். எல்லாம் நன்றாக இருக்கிறதாம், அம்மாவின் முகத்தில்தான் சிரிப்புப் போதவில்லையாம். உதட்டை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி அனுப்பினேன். நாய்க்குட்டியை யாரும் குறை சொல்லவில்லை.

ஜனவரி 14

பொங்கல். திண்டிவனத்தில் மாமியார் வீட்டுக்குப் போகவில்லை. பயணம் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். திருவின் அம்மா போன் செய்தார். பால் பொங்கியதா, கரும்பு வாங்கினீர்களா, அங்கே பனி எப்படி என்றெல்லாம் கேட்டார். கேட்காமல் விட்டதை எவ்வளவு கவனமாக விட்டார் என்பது குரலிலேயே தெரிந்தது.

இது வேலைக் குறிப்பு. நிறுத்துகிறேன்.

ஜனவரி 20

ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் வந்து என்ன செய்கிறேன் என்று விசாரித்தார். நோட்டைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றையும் முடிக்கக் காணோமே என்றார். முடிக்கக் கூடாது என்பதுதான் விதி என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். அவருடைய தொப்பியும் பிடரியும் கிடைத்தன.

கைத்தடி ஊன்றி வந்த ஒரு பெரியவர் மெதுவாக நடந்ததால் செருப்புவரை வந்துவிட்டார். விதிக்கு உட்பட்டு ஒருவரை அவ்வளவு தூரம் வரைந்தது இதுவே முதல் தடவை.

அதன் பிறகு ஒரு பெண். பச்சைத் துப்பட்டா, கழுத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனி அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. ஐந்து மாதம் இருக்கலாம். ஒரு கையால் கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தாள். கூட்டம் அவளை இடிக்காமல் தானாகப் பிரிந்து வழிவிட்டது. அந்த நடைதான் என் கண்ணில் பட்டது. வேறொன்றுமில்லை. நெற்றியும் காதுத் தொங்கட்டானும் கிடைத்தன.

ஜனவரி 22

பச்சைத் துப்பட்டா மறுபடி. கழுத்துவரை.

ஜனவரி 29

அவள் செங்கல்பட்டு வண்டியில் வருகிறாள். வண்டி நேரம் இப்போது எனக்கு மனப்பாடம். அதற்கு முன்னால் வருகிறவர்களைக் கை பழகுவதற்காக வரைகிறேன். அந்த நேரத்துக்குத்தான் பாலத்தின் தகரக் கூரை இடைவெளியில் வெயில் சரியாக இறங்குகிறது. அதனால்தான் அவள் நன்றாக வருகிறாள்.

திரு ஒரு மடக்கு ஸ்டூல் வாங்கி வந்திருக்கிறான். அவ்வளவு நேரம் நிற்கலாமா என்று டாக்டரிடம் கேட்டானாம். என் வேலையைப் பற்றி டாக்டரிடம் ஏன் கேட்க வேண்டும் என்று கத்திவிட்டேன். அவன் ஸ்டூலைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டு மெட்ரோ ஆபீஸுக்குக் கிளம்பினான். ஊசி போட்ட இடம் கல்லு மாதிரி இருக்கிறது. ஸ்டூலை எடுத்துக்கொண்டுதான் போனேன்.

பிப்ரவரி 5

ஃபர்ஹானா வந்தாள். படங்களைக் கூடத்துத் தரையில் பரப்பிவிட்டு, செருப்பைக் கழற்றி நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கைகள், பைகள், முதுகுகள் எல்லாவற்றையும் தாண்டிப் போய்ப் பச்சைத் துப்பட்டாக்காரியின் படங்களை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினாள். நான் நினைத்ததைவிட அதிகம் இருந்தன. பாதிக்கு மேல் அவளேதான்.

“கலை, இவங்கதான் உன் ஷோ. மத்ததெல்லாம் சும்மா” என்றாள்.

நடுச்சுவர் முழுக்க இந்தப் பெண்தான் வர வேண்டும், திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் முடியாமல். பார்க்கிறவர்களுக்கு மூச்சு முட்ட வேண்டும் என்றாள். யார் இது என்று கேட்டாள். தெரியாது என்றேன். கர்ப்பமா என்று கேட்டாள். படத்தை வைத்துச் சொல்ல முடியாது என்றும் அவளே சொன்னாள்.

டீ போடப் போனேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

பிப்ரவரி 11

இன்று அவள் நேராக என்னிடம் வந்தாள்.

“மேடம், ஒரு நிமிஷம். நீங்க டெய்லி என்னயத்தான பாக்குறீங்க?”

எல்லோரையும் வரைகிறேன் என்றேன். நோட்டுக்காகக் கையை நீட்டினாள். தர மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கைப்பிடிச் சுவரில் வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். முதலில் தன் முகத்தைக் கண்டதும் லேசான சிரிப்பு வந்தது. தொங்கட்டானை விரலால் தொட்டுப் பார்த்தாள். நாலைந்து பக்கம் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது.

“எல்லாத்துலயும் வயித்துக்கு மேலயே நிறுத்திட்டீங்களே. ஏன்?”

“நீங்க நடந்து போயிடுறீங்க. அதுக்குள்ள அவ்வளவுதான் வரைய முடியுது.”

அவள் பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். “இந்தத் தாத்தாவுக்குச் செருப்பு வரைக்கும் போட்டிருக்கீங்க. நானும் மெதுவாத்தான் வரேன்.”

இன்னொரு வண்டி வந்து கூட்டம் எங்களைச் சுவரோடு ஒட்ட வைத்தது. அவள் சாப்பாட்டுப் பையை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். கூட்டம் வடிந்ததும் சொன்னாள்.

“எனக்கு முன்னாடி ஒண்ணு தங்கல மேடம். இதுதான் அஞ்சு மாசம் தாண்டியிருக்கு. என்னைய இப்படிப் பாதியா வரையாதீங்க. பயமா இருக்கு.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அடையாள அட்டையில் பெயர் பார்த்திருந்தேன். சுகந்தி.

பிப்ரவரி 13

அவள் பாலத்தின் மறுஓரமாகப் போகிறாள். கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி எனக்கும் அவளுக்கும் நடுவில் நடக்கிறாள். நோட்டை மூடி வைத்திருந்தேன். அது அவளுக்கு எப்படித் தெரியும்?

பிப்ரவரி 17

இனி இரண்டு வாரம் பாலம் கிடையாது. படி ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. காரணம் எழுத வேண்டியதில்லை.

திரு லீவு போட்டுவிட்டுச் சமைக்கிறான். சாம்பாருக்குப் புளி போட மறந்துவிட்டான். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு சாப்பிட்டோம்.

பிப்ரவரி 22

தேங்காய் எண்ணெய் வாசனை குமட்டியது. ஒன்றும் இருக்காது. இதை எழுதியிருக்கக் கூடாது.

பிப்ரவரி 26

படுத்தபடி ஜன்னல் வழியாக வரைய முயன்றேன். ஆதம்பாக்கத்தில் எங்கள் ஜன்னலுக்கு எதிரே இன்னொரு ஜன்னல்தான். அதில் ஒரு துண்டு காய்கிறது. துண்டு எங்கும் போவதில்லை. இருந்தும் முடிக்க முடியவில்லை.

திரு குளியலறைக் கதவுக்கு வெளியே நிற்கிறான். நான் வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்க்கிறான். பிறகு, கொடியில் துணி எடுக்க வந்ததாகச் சொல்கிறான்.

மார்ச் 3

மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. திரு எடுத்தான். “சரிங்க மேடம். சரிங்க. பரவால்லங்க” என்றான். அந்தப் பரவாயில்லையை எதற்குச் சொன்னான் என்று தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு ஆறுதல் சொன்னான் போல.

திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தேன்.

மார்ச் 4

எழுதிவிடுகிறேன்.

இது மூன்றாவது தடவை. கருவை உருவாக்கி உள்ளே வைக்கிறார்கள். பிறகு காத்திருக்கச் சொல்கிறார்கள். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது தடவை ஏழு வாரம் இருந்தது. ஸ்கேனில் துடிப்பைக் காட்டினார்கள். அடுத்த ஸ்கேனில் காட்டவில்லை. இப்போது மறுபடியும் ஒன்றுமில்லை. காத்திருக்கும் அறையில் என்னைப் போலவே பெண்கள், கையில் ஒரே நிறத்தில் ஃபைல். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம். டாக்டர் ஒவ்வொரு தடவையும் அதே குரலில், இன்னொரு முறை பார்க்கலாம் என்கிறார். நானும் அதே குரலில் சரி என்கிறேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். சுகந்தி கேட்டது சரி. அவள் படங்கள் நேரம் போதாமல் நின்றவை அல்ல. அவள் என்னை நெருங்குவதற்கு முன்பே, கோடு மார்பைத் தாண்டி இறங்கும்போதே, பென்சிலை எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும். கடந்து போகும்வரை வரைய வேண்டும் என்று நான் போட்ட விதியை அவளிடம் மட்டும் நான் மதிக்கவில்லை. அவளைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை, அதைப் பார்க்கவும் முடியவில்லை. பயந்து வந்து கேட்ட பெண்ணிடம் நடந்து போயிடுறீங்க என்று பொய் சொன்னேன்.

மார்ச் 7

ஃபர்ஹானாவைப் பார்க்க ஆழ்வார்பேட்டைக்குப் போனேன். பச்சைத் துப்பட்டா படங்களை வைக்க முடியாது, அந்தப் பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று சொன்னேன். பொது இடத்தில் நடந்து போகிறவர்களை உலகம் முழுக்க வரைகிறார்கள், யார் அனுமதி கேட்கிறார்கள் என்றாள் ஃபர்ஹானா. அந்தப் பெண் ஒருநாளும் ஆழ்வார்பேட்டைக்கு வந்து பார்க்கப் போவதில்லை என்றும் சொன்னாள். அதுவும் உண்மைதான்.

“அவங்க இல்லன்னா அங்க என்ன இருக்கு சொல்லு? நாலு கை, நாலு பை.”

“அதையே வை.”

“அதை வச்சா நீயும் தோத்துப்போவ, நானும் தோத்துப்போவேன்.”

அரைகுறை என்று தலைப்பு வைத்தவள் தோற்பதற்குப் பயப்படலாமா என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. ஆனால் அவள் தப்பாக ஒன்றும் பேசவில்லை. கடைசியில், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றாள். இந்த ஊரில் அதற்கு என்ன பொருள் என்று இருவருக்கும் தெரியும். வாசல்வரை வந்தாள். எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். வெயில் என்றேன்.

மார்ச் 12

சுகந்தியின் படங்களை எல்லாம் ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு மூன்று நாளாகப் பாலத்துக்குப் போகிறேன். அவளிடமே கொடுத்துவிடுவது என்று எண்ணம். செங்கல்பட்டு வண்டிகள் வந்தன, போயின. இன்றும் அவள் வரவில்லை. அவளுக்குக் காவலாக நடந்த பெண் மட்டும் வந்தாள். நான் எதிரே போய் நின்றதும் அவள் முகம் மாறியது.

“அவளுக்கு ரத்தம் பட்டுருச்சு. தாம்பரத்தாண்ட ஆஸ்பத்திரில சேத்துருக்காங்க. இப்ப சந்தோஷமா?” என்றாள்.

ஸ்டூலை விரித்து உட்கார்ந்தேன். அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 15

இரண்டு நாள் யோசித்துவிட்டு இன்று போனேன். திருவிடம் சொல்லவில்லை.

பெண்கள் வார்டு. சுகந்தி கடைசிக் கட்டிலில் இருந்தாள். கால்மாட்டில் கட்டிலை உயர்த்தி வைத்திருந்தார்கள். அவள் அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சுகந்தி அவரிடம் ஏதோ முணுமுணுத்தாள். அந்த அம்மா பழத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

உறையைக் கட்டிலில் வைத்தேன். உங்கள் படங்கள் எல்லாம் இதில் இருக்கின்றன, எங்கேயும் மாட்டவில்லை, இனி மாட்டவும் மாட்டேன், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றேன். நான் அப்படி வரைந்ததால்தானோ என்று கேட்க வாயெடுத்தேன்.

சுகந்தி முந்திக்கொண்டாள். “உங்களால இல்ல மேடம். நஞ்சுக்கொடி கீழ எறங்கி இருக்காம். ஆடாம அசையாம படுத்துக்கிட்டா காப்பாத்திரலாம்னு சொல்லியிருக்காங்க.” பிறகு கேட்டாள். “உங்களுக்குப் புள்ளைங்க?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் ஒரு சிரிப்பு தயாராக இருக்கும். இன்று அது வரவில்லை.

“இல்ல. மூணு தடவை வச்சாங்க. தங்கல.”

திருவைத் தவிர இன்னொருவரிடம் இதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. கடவுள் கொடுப்பார் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. கால்களை மெல்ல ஒருபக்கம் நகர்த்தி இடம் விட்டாள்.

“உக்காருங்கக்கா.”

உட்கார்ந்தேன். அவள் அம்மா உரித்த பழத்தை என் கையில் வைத்தார். அதைத் தின்று முடித்தேன்.

அப்புறம் சுகந்தி சொன்னாள். “இப்ப எங்கயும் நடந்து போவ மாட்டேன். முழுசா வரைங்க.”

வேண்டாம் என்றேன். பயமாக இருக்கிறது என்று அன்று சொன்னது அவள். இன்று அதே பயம் எனக்கு. அவள் விடவில்லை. உறையின் பின்பக்கத்திலேயே வரைந்தேன். முகம், தொங்கட்டான் இல்லாத காது, ஊசி ஏற்றிய கை. மார்பைத் தாண்டிக் கோடு இறங்கும்போது கை தானாக நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் அங்கேயேதான் இருந்தாள். கூரையைப் பார்த்தபடி, மூச்சுவிட்டபடி. வயிறு மேலும் கீழுமாக அசைந்தது. வரைந்தேன். போர்வை, பாதம், கட்டிலின் கால் எல்லாம் வரைந்தேன். நல்ல படம் இல்லை. வயிறு அளவுக்கு மேல் பெரிதாகிவிட்டது, கட்டில் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. கண்ணில் நீர் நிற்கும்போது அளவு பார்க்க முடிவதில்லை.

சுகந்தி வாங்கிப் பார்த்தாள். “என் காலு நெசமாவே இவ்ளோ வீங்கியிருக்கா?” என்றாள். அவள் அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

பழைய படங்களைக் கிழித்துவிடச் சொன்னது அந்த அம்மாதான். தொங்கட்டான் நன்றாக வந்த ஒன்றை மட்டும் சுகந்தி எடுத்து வைத்துக்கொண்டாள். மற்றவற்றை நானே கிழித்தேன். நான் இதுவரை வரைந்ததில் அவைதான் சிறந்தவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தாள் கெட்டியாக இருந்ததால் சீக்கிரம் கிழியவில்லை.

கிளம்பும்போது போன் நம்பர் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 23

ஞாயிறு. திரு வாரத்துக்கான சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். எதிரே தரையில் உட்கார்ந்து, இனிமேல் வேண்டாம் என்றேன். இன்னொரு முறை போக என்னால் முடியாது என்றேன்.

அவன் அதே சட்டையின் கையை மடித்து, பிரித்து, மறுபடி தேய்த்தான். உன் அம்மாவிடம் நானே பேசுகிறேன் என்றேன். அம்மாவைப் பற்றி இல்லை என்றான். பிறகு பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

“ஒவ்வொரு தடவையும் உன்னை உள்ள கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்துவாங்க இல்ல? வெளிய இருக்கிறவங்க எல்லாம் கொழந்த வேணும்னு வேண்டிக்கிட்டு நிப்பாங்க. நான் அதைக் கேட்டதே இல்ல கலை. நீ எழுந்து நடந்து வந்துடணும்னுதான் நின்னேன். இதை உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ விடாம போயிட்டே இருந்த.”

“நீ ஆசைப்படுறேன்னு போனேன்.”

“எனக்கு ஆசை இல்லன்னு சொல்லல.”

அவன் அழுது நான் பார்த்ததில்லை. சத்தமே வராமல் அழுகிறான். தோள்கள் மட்டும் குலுங்குகின்றன. எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மதியத்துக்கு யாரும் சமைக்கவில்லை. மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிட்டோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இல்லை. திரும்பி வரும் வழியில் ஒரு பள்ளிக்கூட வேனைப் பார்த்து இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினோம்.

ஏப்ரல் 3

பாடநூல் வேலை. ஃபர்ஹானாவிடமிருந்து தகவல் இல்லை.

ஏப்ரல் 16

காலையில் சுகந்தி கூப்பிட்டாள். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. நேற்று அறுவை சிகிச்சை. எட்டு மாதத்திலேயே எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. எடை குறைவாம், கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம். இன்னும் கையில் கொடுக்கவில்லையாம். ஆனால் அழுதது கேட்டது அக்கா என்றாள்.

நல்லது, ரொம்ப நல்லது என்று சொல்லிப் போனை வைத்தேன். நிஜமான சந்தோஷம்தான். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அதுவும் நிஜம்தான். இந்தத் தடவை திரு துணி எடுக்க வந்ததாகச் சொல்லவில்லை. கதவைத் தட்டி, கிளம்பலாமா என்று கேட்டான்.

தாம்பரத்தில் இறங்கியதும், வெறுங்கையோடா போவது என்றான் திரு. நிலையத்துக்கு எதிரே குழந்தைத் துணிக்கடை ஒன்று இருந்தது. இந்த மாதிரிக் கடை வரும்போதெல்லாம் நாங்கள் தெருவின் மறுபக்கத்துக்கு மாறிவிடுவோம். இன்று உள்ளே போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற குழந்தைக்கு என்ன வாங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை. தொப்பி போடுவார்கள் என்று நினைத்துத் தொப்பி கேட்டோம்.

எத்தனை மாதக் குழந்தை என்று கேட்டார் கடைக்காரர்.

“நேத்துதான் பொறந்தது” என்றான் திரு.

கடைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. மேல் தட்டிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டித் தொப்பியை எடுத்து, உள்ளே விரலை விட்டு விரித்துக் காட்டினார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வாழ்த்துகள் சார். வாழ்த்துகள் மேடம். நல்லபடியா வளரணும்.”

திரு என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

“தேங்க்ஸுங்க” என்றேன்.